சேரி மனையும் மிஷனரியின் வேதமும்

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே இந்தக் கல்வெட்டைப் பற்றிப் பேசினார். பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்து வந்து காட்டுகிறார்கள். உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்த ஊர் என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள்.

அந்தக் கல்வெட்டில் யார் வாரிய உறுப்பினர் ஆகலாம் என்றும் எழுதியிருக்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ். வேதம் படித்திருக்க வேண்டும். கூடுதலாகப் படித்தவருக்கு நில அளவில் சலுகை உண்டு. ஊரின் பெயரே உத்தரமேரு சதுர்வேதிமங்கலம். நான்கு வேதம் படித்தவர்களுக்குக் கொடுத்த ஊர்.

நிலம், மனை, வேதம். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ஆண்டுகள் கழித்து, இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் (உத்திரமேரூர் அப்போது மதுராந்தகம் தாலுகாவில் இருந்தது) சேரி மக்களுக்கு இந்த மூன்றுமே இல்லை. நிலம் இல்லாததை எல்லோரும் அறிவோம். குடியிருந்த குடிசையின் அடிமண்கூட அவர்களுடையதாக இல்லை என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அந்த அடிமண்ணைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வேதம் சொல்ல வந்து, அந்த மண்ணில் தடுக்கி நின்ற ஒரு இளம் மிஷனரியின் வழியாக அதைச் சொல்லப் பார்க்கிறோம்.

மிஷனரிகளைப் பற்றி நம் ஊர்களில் இரண்டு கதைகள் சுற்றுகின்றன. வெள்ளைக்காரச் சாமி வந்து நமக்குக் கண்ணைத் திறந்துவிட்டார் என்பது ஒன்று. கஞ்சி ஊற்றி மதம் மாற்றினார்கள் என்பது இன்னொன்று. முதலாவது தேவாலயத்தின் ஆண்டு விழா மலர்களில் வருகிறது, இரண்டாவது வாட்ஸ்அப்பில் வருகிறது. ஒன்றுக்கொன்று எதிரி போலத் தெரிந்தாலும் இரண்டிலும் சேரிக்காரர்கள் வாய் திறப்பதில்லை. ஒன்றில் கை நீட்டி வாங்குகிறார்கள், மற்றதில் ஏமாறுகிறார்கள்.

வில்லியம் கௌடி 1857-ல் ஸ்காட்லாந்துக்கும் வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் பிறந்தவர். வெஸ்லியன் மெதடிஸ்ட் சபையின் மிஷனரியாக 1882-ல் சென்னை வந்தார். வயது 25. இந்த வலைப்பூவைப் படிக்கிற உங்களில் பலருக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான். திருவள்ளூரும் அதை அடுத்த ஈக்காடும் அவருடைய களம். அன்றைக்கு அதுவும் செங்கல்பட்டு மாவட்டமே. மாவட்டத் தலைநகர்ப் பக்கம் ஸ்காட்லாந்து சுயாதீனச் சபையைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ பணிபுரிந்தார். சபை வேறானாலும் இருவரின் பெயரும் அடுத்த பத்தாண்டில் ஒரே கோப்பில் வரப்போகிறது.

கௌடி வந்து சேர்ந்த காலத்தில் சென்னை மிஷன்களின் பெருமை கல்லூரிகள். வில்லியம் மில்லரின் சென்னைக் கிறித்தவக் கல்லூரி அதற்குப் பெயர் போனது. மேல்சாதி இளைஞர்களுக்கு ஆங்கிலக் கல்வி கொடுத்தால் அவர்கள் மனம் மாறும், மேலே ஊற்றிய தண்ணீர் கீழே வடியும் என்பது கணக்கு. பட்டதாரிகள் வந்தார்கள், வக்கீல்கள் வந்தார்கள், ஞானஸ்நானம் வாங்கியவர்கள் மட்டும் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தார்கள். தண்ணீர் வடியவே இல்லை.

சேரியிலிருந்தோ ஆட்கள் தாமாக வந்தார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் இந்த மாவட்டத்தைச் சூறையாடியிருந்தது. பிழைத்தவர்கள் வழி தேடினார்கள். சிலர் கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். சிலர் நேட்டாலுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறினார்கள். ஊரை விட்டுப் போக முடியாதவர்கள் மிஷன் பங்களாவுக்கு நடந்தார்கள். நம் பார்வையில் இவை எல்லாம் ஒரே நடைதான். மிராசுதாரின் கைக்கு எட்டாத ஓர் இடத்தை நோக்கிய நடை. ஞானஸ்நானத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்து அது ஆன்மிகமா, ஆதாயமா என்று தராசில் வைப்பவர்கள், கோலாருக்குப் போனவரிடம் அப்படிக் கேட்பதில்லை.

அவர்கள் மிஷனரியிடம் கொண்டுவந்தது முதலில் வேத சந்தேகங்கள் அல்ல. பொய் வழக்கு, கடன் பத்திரம், பிடுங்கிப்போட்ட குடிசை. இங்கே மிராசு முறையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சமூகவியல் வகுப்பில் நாம் இதைப் படிக்கும் விதமே வேறு. ‘ஜஜ்மானி முறை’ என்ற தலைப்பில், ஒவ்வொரு சாதியும் சேவை செய்து பதிலுக்குத் தானியம் பெற்றது, பரஸ்பரம் சார்ந்து வாழ்ந்தது என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறோம்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கிராமத்தின் நிலத்தின்மேல் உள்ள பங்குரிமைக்கு மிராசு என்று பெயர். அந்தப் பங்குகள் பார்ப்பன ஊர்களில் பார்ப்பனரிடமும், மற்ற ஊர்களில் பெரும்பாலும் வேளாளரிடமும் இருந்தன. எல்லிஸ் 1818-லேயே இந்த உரிமையைப் பற்றி விரிவாக எழுதி அரசுக்குக் கொடுத்துவிட்டார். மிராசு என்றால் பயிர் நிலம் மட்டும் இல்லை. தரிசும் அதற்குள் வந்தது. சேரி இருந்த மனையும் வந்தது. அதில் குடியிருந்த படியாட்களும் நிலத்தோடு சேர்ந்தவர்களாகவே நடத்தப்பட்டார்கள்.

1843-ல் அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு இல்லை என்று கம்பெனி அரசு சட்டம் போட்டது. 1860-ன் இந்திய தண்டனைச் சட்டம் அடிமை வைப்பதைக் குற்றமாக்கியது. காகிதத்தில் அடிமை போய்விட்டான், படியாள் இருந்தான். கல்யாணத்துக்கு வாங்கிய சில ரூபாய்க்கு ஆள் தன்னையே எழுதிக்கொடுத்தான். கடன் தீரவில்லை என்றால் மகன் வேலை செய்தான். ஓடிப்போகலாமே என்றால், குடிசை மிராசுதார் மண்ணில் நிற்கிறது. வேலைக்கு வர மறுத்த மறுநாள் அவன் மனைவிக்கும் பிள்ளைக்கும் கூரை இல்லை. சங்கிலி தேவைப்படாத ஏற்பாடு இது.

சரி, பக்கத்தில் அரசுத் தரிசு கிடக்கிறதே, அதை உழுது பிழைக்கலாமே? அதற்குத் தர்காஸ்து மனு போட வேண்டும். மிராசு கிராமத்தில் வெளியாள் தரிசு கேட்டால் முதல் உரிமை மிராசுதாருக்கு. அவர் அதைப் பயிரிடத் தேவையில்லை, சேரிக்காரனுக்குக் கிடைக்காமல் செய்தால் போதும். சேரிக்காரனுக்குச் சொந்தமாக அரை ஏக்கர் கிடைத்துவிட்டால் நடவுக்கு ஆள் யார் வருவார்? தரிசு தரிசாகக் கிடப்பதில்தான் அவருடைய லாபம். வரி வரும்படி குறைகிறதே என்று அரசாங்கமும் கேட்கவில்லை, ஏனென்றால் இருக்கும் வரியை ஒழுங்காகக் கட்டுகிறவரும் அதே மிராசுதார்தான்.

கர்ணமும் மணியக்காரரும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது அந்த இளம் மிஷனரியின் இடத்தில் நின்று பாருங்கள். சேரி மக்கள் ஜெபக்கூடம் வேண்டும் என்கிறார்கள். கட்டலாம். எந்த மண்ணில்? பள்ளிக்கூடம் வேண்டும் என்கிறார்கள். எந்த மண்ணில்? ஞானஸ்நானம் வாங்கியவனை ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வராதே என்று சபை சொல்கிறது. திங்கட்கிழமை அவன் குடிசையைப் பிடுங்கினால் சபை எங்கே குடியேற்றும்? வேதாகமக் கல்லூரியில் இதற்குப் பாடம் கிடையாது. ஆன்மாவைப் பற்றி ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் மனைக்கட்டு குறுக்கே வந்துவிடுகிறது.

கௌடிக்கு முந்தைய தலைமுறை மிஷனரிகள் சாதியைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் அல்ல. 1850-ல் சென்னை மிஷனரி மாநாடு சாதியைக் கண்டித்துத் தீர்மானமே போட்டது. ஆனால் அவர்கள் சாதியை மனதின் வியாதியாக, ஒரு பொய் மதத்தின் விளைவாகப் பார்த்தார்கள். கர்த்தருடைய பந்தியில் ஒன்றாக உட்கார வைத்தால் குணமாகிவிடும் என்று நம்பினார்கள். வயல் அந்தக் கணக்கில் வரவில்லை. படியாள் முறை மென்மையானது, ஆண்டையும் ஆளும் குடும்பம் போல என்ற பேச்சையும் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கௌடி 1894 ஜூலையில் ‘ஹார்வெஸ்ட் ஃபீல்ட்’ என்ற மிஷனரி இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு, பறையர்களும் நிலமும். அவர் வந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. வழிபாடு, பாவம், மனந்திரும்புதல் என்று எழுதிக்கொண்டிருந்த ஓர் இதழில் தரிசு, தர்காஸ்து, மனை என்று ஒரு போதகர் எழுதுகிறார். விசுவாசம் வளர்வது என்று சபைகளில் சொல்வார்களே, அது இவர் விஷயத்தில் நடந்த விதம் இதுதான் என்று நாம் படிக்கிறோம். வானத்தைப் பார்த்து வளரவில்லை, வருவாய்த்துறைப் பதிவேட்டுக்குள் வேர் விட்டது. அதைக் கற்றுக்கொடுத்தவர்களின் பெயர்கள் எந்த மிஷன் அறிக்கையின் அட்டையிலும் இல்லை. திருவள்ளூர்ப் பக்கத்துச் சேரிகளில் பத்திரத்தையும் நோட்டீஸையும் மடியில் கட்டிக்கொண்டு வந்து அவர் திண்ணையில் காத்திருந்தவர்கள்தான் அந்த ஆசிரியர்கள்.

இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே வேலை தொடங்கிவிட்டது. கௌடி, ஆண்ட்ரூ போன்றவர்கள் சேரிகளில் திரட்டிய செய்திகளோடு மிஷனரிகள் அரசிடம் முறையிட்டார்கள். பத்திரிகைகளில் விவாதம் நடந்தது. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர் மாவட்டப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். நம் மாணவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய ஆவணம் அது. சொல்பேச்சு கேட்காத சேரியை மிராசுதார்கள் எப்படித் தண்டித்தார்கள் என்று அதில் வரிசையாகச் சொல்கிறார். கிராம நீதிமன்றத்தில் பொய் வழக்குப் போடுவார்கள். சேரியைச் சுற்றியுள்ள தரிசை அரசிடம் கேட்டு வாங்கி, சேரி மாடு அதில் கால் வைத்தால் பவுண்டில் அடைப்பார்கள், சேரிக்காரர்கள் தங்கள் கோயிலுக்குப் போகும் வழியையும் அடைப்பார்கள். சேரி மனையையே மிராசுதார் பெயரில் கள்ளத்தனமாகக் கணக்கில் ஏற்றுவார்கள். குடிசையைப் பிடுங்குவார்கள், கொல்லையில் வளர்ந்ததை அழிப்பார்கள். விளைந்த பயிரை அறுத்துக்கொண்டு போய், தடுத்தவன் மேல் திருட்டு வழக்கும் கலவர வழக்கும் போடுவார்கள். வயலுக்குப் போகும் தண்ணீரை நிறுத்துவார்கள்.

நீதிமன்றம் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கும் அதில் பதில் உண்டு. வழக்காடத் துணிச்சல் வேண்டும், பணம் வேண்டும், வழக்கு நடக்கிற வரைக்கும் சாப்பாடு வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளுக்காகத் தாலுகா ஆஸ்பத்திரிக்கும் காவல் நிலையத்துக்கும் அலைந்த எவருக்கும் இந்த 1891-ன் பட்டியல் பழையதாகத் தோன்றாது.

இங்கே ஒரு சின்னத் திருப்பம். கௌடி பிறந்த ஷெட்லாந்தும் சிறு குத்தகை விவசாயிகளின் நாடு. அங்கே நிலம் பிரபுவுடையது, உழுபவர் எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றப்படலாம். அவர் இந்தியாவுக்கு வந்த மறு ஆண்டு, 1883-ல், ஸ்காட்லாந்தின் மலைநாடு, தீவுகளின் குத்தகையாளர் நிலையை விசாரிக்க ஓர் ஆணையம் போட்டார்கள். அதன் விளைவாக 1886-ல் சட்டம் வந்தது. குத்தகையாளருக்கு நிலத்தில் நிலையான உரிமையும் நியாயமான வாடகையும் கிடைத்தன. ஷெட்லாந்துக்கும் அது பொருந்தும். அந்த ஆணையத்தின் தலைவர் யார் தெரியுமா? நேப்பியர் பிரபு. 1866 முதல் 1872 வரை சென்னையின் கவர்னர். மெரினாவுக்குப் போகும்போது நாம் கடக்கும் நேப்பியர் பாலம் அவர் பெயர்தான். அவர் ஆண்ட செங்கல்பட்டில் படியாளுக்கு மனை உரிமை இல்லை, அவர் விசாரித்த ஷெட்லாந்தில் உழவனுக்குக் கிடைத்தது. ஒரே பேரரசு, ஒரே அதிகாரி, நடுவே சாதியும் நிறமும்.

1892 செப்டம்பர் 30-ம் தேதியிட்ட 1010, 1010-ஏ எண் அரசாணைதான் பஞ்சமி நிலத்தின் தொடக்கம் என்று நாம் மேடைகளில் சொல்வது. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்ற கணக்கையும் சேர்த்துச் சொல்வோம். ஆனால் ட்ரெமென்ஹீர் கேட்டது எல்லாம் அப்படியே கிடைத்துவிடவில்லை. ஆண்டைக்கும் ஆளுக்கும் நடுவே போக அரசுக்கு மனமில்லை. மிராசுதாரைப் பகைத்தால் வரி வசூல் என்னாவது என்ற பயமும் இருந்தது. ஒதுக்கிய நிலத்தை வேறு சாதியார் வாங்கக்கூடாது என்ற நிபந்தனை பின்னால் வந்த வருவாய் விதிகளில் உறுதிப்பட்டது. சேரி மனைக்காகத் தனி அலுவலர், தொழிலாளர் துறை என்று அரசு இறங்கியது 1919, 1920-ல். குடியிருப்பு மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1971-ல். ட்ரெமென்ஹீர் அறிக்கைக்கும் அதற்கும் நடுவே 80 ஆண்டுகள்.

கௌடியைப் புனிதராக்கும் வேலை நமக்கு வேண்டாம். மிஷனரிகள் சேரி மக்களிடம் கேட்டதும் கொஞ்சம் இல்லை. குடிக்காதே, கடன் வாங்காதே, பறை அடிக்காதே, சுத்தமாக இரு என்று பெரிய பட்டியல். வறுமைக்குக் காரணம் மிராசு என்று ஒரு கை எழுதியபோதே, காரணம் பறையனின் குணக்கேடு என்று இன்னொரு கை எழுதியது. ஆண்ட்ரூ செங்கல்பட்டை அடுத்து மெல்ரோசாபுரத்தில் குடியேற்றம் அமைத்தார். பெயரே ஸ்காட்லாந்தின் மெல்ரோஸை நினைவூட்டும். மிராசுதார் இல்லாத ஊர் கிடைத்தது பெரிய விஷயம். ஆனால் அங்கே மிஷன் விதித்ததே விதி. வந்து சேருகிறவர்களின் உள்நோக்கத்தைச் சோதிப்பதிலும் மிஷன்கள் சளைக்கவில்லை. வயிற்றுக்காக வந்தவன் உண்மைக் கிறித்தவனா என்ற அந்தக் கேள்வியைத்தான் இன்றைய மதமாற்ற எதிர்ப்பாளர்கள் வார்த்தை மாறாமல் கேட்கிறார்கள்.

எல்லா இளைஞர்களும் கௌடி போலத் தங்கிவிடவும் இல்லை. ஹென்றி லன் என்ற வெஸ்லியன் மருத்துவ மிஷனரி 1887-ல் சென்னைப் பகுதிக்கு வந்து, ஓராண்டில் உடல்நலம் கெட்டுத் திரும்பினார். மிஷனரிகள் சொகுசாக வாழ்கிறார்கள், மேல்சாதிக் கல்லூரிகளில் காசைக் கொட்டுகிறார்கள் என்று லண்டன் பத்திரிகையில் எழுதிப் பெரும் சண்டையைக் கிளப்பினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பிறகு சுற்றுலா நிறுவனம் நடத்தி, ஆங்கிலேயர்களைப் பனிச்சறுக்கு விளையாட ஆல்ப்ஸுக்கு அழைத்துப் போனார். சேரியைப் பற்றிச் சரியாகப் பேசுவதும் சேரியில் தங்குவதும் வேறு வேறு என்பதற்கு நம் அமைப்புகளிலும் உதாரணங்கள் உண்டு, பெயர் சொல்ல வேண்டியதில்லை. கௌடி இருபது ஆண்டுகளுக்கு மேல் இங்கே இருந்துவிட்டு இங்கிலாந்து திரும்பினார். 1922-ல் இறந்தார்.

இதே ஆண்டுகளில் நம்மவர்கள் மிஷனரிக்காகக் காத்திருக்கவில்லை. அயோத்திதாசர் 1891 டிசம்பரில் நீலகிரியில் மாநாடு கூட்டிக் கோரிக்கைகளை நிறைவேற்றினார். உத்திரமேரூருக்குப் பக்கத்துத் தாலுகாவான மதுராந்தகத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அவர் மதம் மாறுவதை ஏற்கவில்லை. அயோத்திதாசர் பௌத்தத்துக்குப் போனார், சாதிக் கிறித்தவர்களைக் கடுமையாகச் சாடினார். நிலம் என்று வந்தபோது மூன்று தரப்பின் குரலும் ஒரே பக்கம் இருந்தது. 1892-ஐ மிஷனரியின் கொடை என்று சொன்னால் மற்ற இரண்டும் காணாமல் போய்விடும்.

1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறித்தவர்கள் இன்னும் வெளியே. எங்கள் பகுதிச் சேரிகளில் ஒரே தாத்தாவின் இரண்டு பேரன்களில் ஒருவர் சான்றிதழில் ஆதிதிராவிடர், மற்றவர் பிற்படுத்தப்பட்டோர். சுடுகாடு இரண்டு பேருக்கும் தனிதான், ஊர்க்காரர்கள் சான்றிதழ் பார்த்து வழி மறிப்பதில்லை. எந்த மக்கள் மிஷனரியின் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன செய்திகள் அந்த அறிக்கைக்கு வழி திறந்தனவோ, அவர்களின் ஞானஸ்நானம் பெற்ற வாரிசுகள் இன்று பஞ்சமி நிலத்தைக் கேட்டால், நீ யார் என்று முதலில் கேட்கிறார்கள்.

1994 அக்டோபர் 10. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறை சுட்டது. இறந்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

உத்திரமேரூர் இப்போது தனித் தாலுகா. கல்வெட்டுப் பார்க்க வரும் கல்லூரி மாணவர்களில் சிலர் எங்களோடு ஒரு நாள் கூடுதலாகத் தங்குகிறார்கள். அவர்களிடம் நாங்கள் கொடுப்பது இரண்டு வேலை. ஏதாவது ஒரு கிராமத்தின் அ-பதிவேட்டை எடுத்து, எந்தெந்தப் புல எண்களில் நிபந்தனை ஒப்படை என்ற குறிப்பு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அந்த இடத்துக்கு நேரில் நடந்து போய், இன்று அங்கே யார் வேலி போட்டிருக்கிறார்கள் என்று எழுதி வர வேண்டும். பதிவேடு பார்க்க விடவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. ஜமாபந்தி நடக்கும் நாட்களில் அந்தக் குறிப்புகளோடு சேரியிலிருந்தே ஆட்கள் தாலுகா அலுவலகத்துக்குப் போகிறார்கள், நாங்கள் பின்னால் நிற்கிறோம்.